கலங்கியபின் தெளியாது: அமெரிக்கக் கட்டுமான சைட்டுகளில் மழைநீர் ஆய்வு

அசையாமல் நிற்கும் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அடியைத் தொட இரண்டு நிமிடம் போதும். 20 மைக்ரான் வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு மூன்று நாளைக்கு மேல் ஆகும். ஸ்டோக்ஸ் விதிப்படி 20 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு இது. காற்று அடித்தாலோ, மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தாலோ களிமண் இறங்கவே இறங்காது. கட்டுமான சைட்டில் மழைநீர் ஆய்வுக்கு, அதாவது மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு வெளியே போகாமல் தடுப்புகள் நிற்கின்றனவா என்று பார்க்கப் போகிறவர் வேறு எதை மறந்தாலும் இந்த மூன்று எண்களை மறக்கக் கூடாது.

சைட்டைச் சுற்றி நிற்கும் கறுப்புத் துணிவேலியை, அதாவது சில்ட் ஃபென்ஸை, பலரும் வடிகட்டி என்றே நினைக்கிறார்கள். அந்தத் துணியின் கண் அளவுக்கு அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் எம்288 விவரக்குறிப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.6 மில்லிமீட்டர். 2 மைக்ரான் களிமண் அதில் முந்நூறில் ஒரு பங்கு. துணி அதைச் சலித்துப் பிடிக்க வழியே இல்லை. வேலி செய்வதெல்லாம் தண்ணீரைச் சற்று நேரம் தேக்கி நிறுத்துவதுதான். தேங்கிய நேரத்தில் மணலும் பருமனான வண்டலும் இறங்கிவிடும், களிமண் தாண்டிப் போய்விடும். மண் தண்ணீரில் கலப்பதற்கு முன்பே தடுத்தால்தான் உண்டு. ஆகவே சைட்டுக்குள் போனதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எத்தனை ஏக்கர் மண் வெறுமனே கிடக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது? நடைமுறையில் ஆய்வுப் படிவங்கள் பல வேலிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வெறும் மண்ணை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அமெரிக்காவில் சிவில் படிப்பை முடித்துக் கன்சல்டன்சியில் சேரும் நம்மவர்களுக்கு முதல் வேலையாகக் கையில் வருவது இந்த ஆய்வாக இருக்கலாம். ஒரு டேப்லெட், ஒரு படிவம், போய் வரிசையாக டிக் போட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். டிக் போடுவதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை எழுதுகிறேன்.

பெர்மிட் என்ன சொல்கிறது

1972-ஆம் ஆண்டின் சுத்த நீர்ச் சட்டம்தான் வேர். கட்டுமான சைட்டின் மழைநீர் 1990-இல் வந்த முதல் கட்ட விதியில் உள்ளே வந்தது. அப்போது 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள சைட்டுகளுக்கு மட்டும் பெர்மிட். 1999-இல் எழுதி 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டம் அதை 1 ஏக்கராகக் குறைத்தது. ஒரு ஏக்கருக்குக் குறைந்தாலும் தப்ப முடியாத இடம் ஒன்று உண்டு. நாற்பது மனை கொண்ட லேஅவுட்டில் கால் ஏக்கர் மனை ஒன்றை மட்டும் ஒரு பில்டர் வாங்கிக் கட்டினாலும், மொத்தத் திட்டம் ஒரு ஏக்கரைத் தாண்டுவதால் அவருக்கும் பெர்மிட் வேண்டும். சிறிய பில்டர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ.வின் இப்போது நடப்பில் இருக்கும் கட்டுமானப் பொதுப் பெர்மிட் 2022 பிப்ரவரி 17-இல் தொடங்கியது, ஐந்தாண்டுக்கானது. இது நேரடியாகச் செல்லுபடியாவது நியூ மெக்சிகோ, நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், வாஷிங்டன் டி.சி., பழங்குடி நிலங்கள் போன்ற இடங்களில் மட்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியா உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் பெர்மிட்டை எழுதிக்கொள்கின்றன. எலும்புக்கூடு ஒன்றுதான், எண்கள் மாறும். கீழே நான் தருவது ஈ.பி.ஏ. பெர்மிட்டின் எண்கள். உங்கள் மாநிலப் பெர்மிட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலத்தில் வேலை செய்த பழக்கத்தில் போனால் கெடு தப்பிவிடும்.

வேலை தொடங்குவதற்கு 14 நாள் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்விப் எனப்படும் மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். அது ஒரு முறை எழுதி அலமாரியில் வைக்கிற ஆவணம் இல்லை. வடிகால் திசை மாறினால், நுழைவாயில் இடம் மாறினால், குவித்த மண்மேடு நகர்ந்தால் 7 நாளுக்குள் திட்டத்தையும் அதிலுள்ள வரைபடத்தையும் திருத்த வேண்டும். ஈ.பி.ஏ. அதிகாரி வந்ததும் செய்கிற முதல் காரியம் அந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சைட்டைச் சுற்றுவது. வரைபடத்தில் வண்டல் குளம் இருக்கும் இடத்தில் தரையில் செங்கல் அடுக்கியிருந்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதற்கும் எடை இருக்காது.

எண் வரம்பு பற்றி ஒரு வார்த்தை. 2009 டிசம்பரில் ஈ.பி.ஏ. கட்டுமான சைட்டுகளின் கலங்கலுக்கு 280 என்.டி.யூ (கலங்கலை அளக்கும் அலகு) என்று நாடு முழுமைக்கும் ஒரு வரம்பு விதித்தது. கணக்கில் பிழை தெரியவந்ததால் அதை நிறுத்தி வைத்து, 2014-இல் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கலிஃபோர்னியா தன் பெர்மிட்டில் அபாயம் கூடிய சைட்டுகளுக்கு 250 என்.டி.யூ., 6.5 முதல் 8.5 வரை பி.ஹெச். என்று, தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுகள் வைத்திருக்கிறது. ஈ.பி.ஏ. பெர்மிட்டில், குழித்தண்ணீர் இறைப்பதைத் தவிர்த்தால், எண் கிடையாது. எண் இல்லாத இடத்தில் ஆய்வாளரின் கண்தான் கருவி. 2023 பிப்ரவரி 17 முதல் ஆய்வாளருக்குத் தகுதி கட்டாயமானது. ஈ.பி.ஏ. இணையத்தில் இலவசமாகத் தரும் பாடத்தை முடித்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

எப்போது போவது

இரண்டு வழி உண்டு. 7 நாளுக்கு ஒரு முறை போவது ஒன்று. 14 நாளுக்கு ஒரு முறையும், அதோடு 24 மணி நேரத்தில் கால் அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்தால் அந்த அளவு பெய்த 24 மணி நேரத்துக்குள்ளும் போவது மற்றது. கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். வண்டலால் ஏற்கெனவே கெட்ட நீர்நிலைக்கோ, உயர்தர நீர்நிலைக்கோ தண்ணீர் போகிற சைட்டுக்கு இந்தச் சலுகை இல்லை: 7 நாளும் உண்டு, மழைக்குப் பிந்தைய ஆய்வும் உண்டு.

காகிதத்தில் 14 நாள் வழி மலிவாகத் தெரியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மழைமானியை யாராவது தினமும் பார்த்து எழுத வேண்டும், இல்லையேல் பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவைத் தினமும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும், அன்று கால் அங்குலம் பெய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். மூன்று நாள் தொடர்மழையில், ஒவ்வொரு நாளும் கால் அங்குலம் தாண்டினால், முதல் நாளுக்கு 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை, கடைசி நாளுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை என இரண்டு ஆய்வு. சைட்டின் வழக்கமான வேலை நேரத்தில் மட்டும் ஆய்வு செய்தால் போதும் என்று பெர்மிட் சொல்கிறது; நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அப்படி வைத்துக்கொண்டாலும் பெரிய மழைக்குப் பிறகு ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. எந்தத் தடுப்பு நின்றது, எது விழுந்தது என்று மழைதான் காட்டும்.

முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். வெளியேற்றம் நடக்கும் நேரத்தில் ஆய்வு செய்தால் தண்ணீரின் நிறம், நாற்றம், மிதப்பது, நுரை, எண்ணெய்ப் படலம் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். அந்த ஐந்து நிமிடம் காட்டுவதை வெயில் நாளில் ஐந்து மணி நேரம் நடந்தாலும் பார்க்க முடியாது.

கீழிருந்து மேலே நட

அலுவலக டிரெய்லரிலிருந்து தொடங்காதீர்கள். தண்ணீர் சைட்டை விட்டு வெளியேறும் கடைசிப் புள்ளிக்குப் போங்கள். வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில், சாலையோர வடிகால் வாயில். அங்கே புதிதாகப் படிந்த சேறு இருக்கிறதா? புல் ஒரே திசையில் படுத்திருக்கிறதா? இருந்தால், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். தடம் உங்களை வேலியின் ஓட்டைக்கும், ஓட்டை மேலேயிருக்கும் சரிவுக்கும், சரிவு மூடாமல் விட்ட மண்ணுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலிருந்து கீழே வந்தால் ஒவ்வொரு தடுப்பும் தனித்தனியாக நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

தடம் போய் முடிகிற வெறும் மண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெரிய மழைத்துளி வினாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து மண்ணை அடிக்கிறது. மண் துகளைப் பெயர்ப்பது பெரும்பாலும் அந்த அடி; ஓடும் தண்ணீர் பெயர்ந்ததை அள்ளிக்கொண்டு போகிறது. அதனால் அடியை வாங்கிக்கொள்ள மேலே எதையாவது பரப்புவதே முதல் காப்பு. பெர்மிட்டின் கெடு இது: ஓரிடத்தில் வேலை முடிந்துவிட்டால், அல்லது 14 நாளோ அதற்கு மேலோ அங்கே கை வைக்கப்போவதில்லை என்றால், மூடும் வேலையை உடனே தொடங்க வேண்டும். உடனே என்றால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள். ஒரே நேரத்தில் திறந்து கிடப்பது 5 ஏக்கருக்குள் என்றால் 14 நாளில் முடிக்க வேண்டும். 5 ஏக்கரைத் தாண்டினால் 7 நாள்தான்.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. 13-ஆம் நாள் ஒரு டோசரைக் கொண்டுவந்து மண்ணை லேசாகக் கீறிவிட்டு ‘வேலை நடக்கிறது’ என்பார்கள். ஆய்வு அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் கடைசியாக உண்மையான வேலை நடந்த தேதியை எழுதி, ஒரே இடத்தில் நின்று எடுத்த படத்தையும் சேர்த்து வந்தால் இந்த வாதம் நிற்காது. ஒப்பந்ததாரருக்குப் பகையாக இதைச் செய்யச் சொல்லவில்லை. மூடியிருந்தால் அவருடைய வேலியும் குளமும் பாதிச் சுமையோடு தப்பிக்கும்.

எளிய மூடாக்கு வைக்கோல்தான். ஏக்கருக்கு 2 அமெரிக்க டன், அதாவது 4,000 பவுண்டு. ஒரு கட்டு 40 பவுண்டு என்றால் ஏக்கருக்கு 100 கட்டு. டெலிவரி சீட்டில் நாற்பது கட்டு இருந்தால் மேலே பார்க்காமலேயே தெரிந்துகொள்ளலாம். சரியாகப் பரப்பிய வைக்கோல் மிதமான சரிவில் மண் அரிப்பைத் தொண்ணூறு விழுக்காடு அளவுக்குக் குறைக்கும். இந்தச் செலவுக்கு இதற்கு ஈடான தடுப்பு வேறில்லை. ஆனால் வெறுமனே தூவினால் முதல் காற்றில் பறந்துவிடும். தட்டு உருளையால் மண்ணுக்குள் அழுத்த வேண்டும், அல்லது பசை தெளிக்க வேண்டும். விதையும் நாரும் கலந்து பீய்ச்சும் ஹைட்ரோமல்ச்சுக்குக் காய ஒரு நாள் அவகாசம் வேண்டும். மாலை மழை என்று வானிலை சொல்லும்போது காலையில் பீய்ச்சினால் காசு ஓடையில் போகும்.

மூன்றுக்கு ஒன்று (கிடையாக மூன்றடிக்கு ஓரடி உயரம்) என்பதைவிடச் செங்குத்தான சரிவுக்கு அரிப்புத் தடுப்பு விரிப்புதான் சரி. அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு ‘போட்டாச்சு’ என்று எழுதாதீர்கள். விளிம்பைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள். விரிப்பும் மண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். மண்கட்டிகளையும் கல்லையும் பொறுக்காமல் விரித்திருந்தால் இடையில் கூடாரம்போல் இடைவெளி இருக்கும், தண்ணீர் அதற்குள் புகுந்து விரிப்புக்கு அடியிலேயே ஓடை வெட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விரிப்பு அழகாகத்தான் இருக்கும். உச்சியில் 6 அங்குலப் பள்ளத்தில் புதைத்து, ஆணியடித்து, மண் போட்டு மிதித்திருக்கிறார்களா என்பதையும், ஒட்டுகளில் மேல் விரிப்பு கீழ் விரிப்பின்மேல் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தலைகீழாகப் போட்ட ஒட்டு தண்ணீரை உள்ளே அழைத்துவிடும்.

வேலி எங்கே தோற்கிறது

வேலிக்கு வருவோம். 100 அடி நீள வேலிக்குக் கால் ஏக்கருக்கு மேல் தண்ணீர் வரக் கூடாது என்பது பொதுவான வடிவமைப்பு வரம்பு. கால் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 25,700 லிட்டர். அதில் பாதி ஓடிவந்தாலும், ஒரு துணியும் சில மரக்குச்சிகளும் எவ்வளவைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே வேலி சமமட்டக் கோட்டில் ஓட வேண்டும். சரிவில் இறங்கிப் போகிற வேலி தண்ணீரைத் தேக்காது. ஒரே இடத்துக்குத் திரட்டிக் கொண்டுபோய் அங்கே உடைக்கும். சொத்து எல்லையை ஒட்டி நேர்கோட்டில் நட்ட வேலிகளில் பெரும்பாலும் இந்தக் குறைதான். எல்லை சரிவில்தான் போகிறது, வேறு வழியில்லை என்றால், நடுநடுவே வேலியின் ஒரு துண்டை மேட்டுப்பக்கம் கொக்கிபோல் வளைத்துச் சிறு சிறு தேக்கங்களாகப் பிரிக்க வேண்டும். கடைசி முனையும் மேட்டுப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். வளையாத முனையைச் சுற்றித்தான் தண்ணீர் போகும்.

துணியின் அடிப்பகுதி 6 அங்குல ஆழப் பள்ளத்தில் இறங்கி, மேட்டுப்பக்கம் மடிந்து, மண் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இதைச் சோதிக்கப் பூட்ஸ் முனையே போதும். அடியில் துணியை மெல்ல உதைத்துப் பாருங்கள். துணி அசையாமல் மண் கடினமாக இருந்தால் சரி. துணி எழும்பினாலோ கால் பொதபொதவென்று உள்ளே போனாலோ, அடுத்த மழையில் தண்ணீர் அடியில் குடைந்துகொண்டு போகும். பள்ளம் வெட்டாமல் துணியைத் தரையில் மடக்கி மேலே கொஞ்சம் மண் அள்ளிப் போட்ட வேலியும் தள்ளி நின்று பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். குச்சிகள் பள்ளத்துப்பக்கம் இருக்க வேண்டும், 6 முதல் 8 அடிக்கு ஒன்று. மேட்டுப்பக்கம் நட்டால் தண்ணீரின் தள்ளலில் துணி ஆணியிலிருந்து பிய்ந்துவிடும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் இரு குச்சிகளையும் ஒன்றோடொன்று சுற்றி நட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்த ஒட்டு திறந்துகொள்ளும். படிந்த மண் வேலி உயரத்தில் பாதியை எட்டும் முன்பே அள்ளிவிட வேண்டும். அள்ளிய மண்ணை வேலிக்கு வெளியே கொட்டுவதையும் நாம் பார்க்கத்தான் செய்கிறோம்.

வாய்க்காலுக்குக் குறுக்கே வேலி போடவே கூடாது. அங்கே கல் தடுப்பணை வேண்டும், நடுப்பகுதி ஓரங்களைவிட 6 அங்குலம் தாழ்ந்து. ஓரம் தாழ்ந்தால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும். இடைவெளிக் கணக்கு எளிது: மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 2 அடி உயரத் தடுப்பு, 4 விழுக்காடு சரிவு என்றால் 2-ஐ 0.04-ஆல் வகுத்து 50 அடி.

நுழைவாயில் கல் பாதைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை: அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே 6 அங்குலக் கனத்துக்குப் பெரிய சல்லி, 50 அடி நீளம். கல்லிடுக்கில் சேறு நிறைந்து மேல்பரப்பு வழவழவென்று ஆகிவிட்டால் அது சக்கரச் சேற்றை உதறும் வேலையைச் செய்வதில்லை. புதுக் கல் போட வேண்டும். சாலைக்கு வந்த மண்ணை அன்றைய வேலை முடிவதற்குள் கூட்டியோ உறிஞ்சியோ அள்ள வேண்டும். ஹோஸ் பிடித்து வடிகாலுக்குள் கழுவிவிடுவது வெளிப்படையான மீறல்.

குளம், பம்ப், கான்கிரீட் கழுவல்

வண்டல் குளத்துக்கு ஏக்கருக்கு 3,600 கன அடி கொள்ளளவு, அல்லது இரண்டாண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய 24 மணி நேர மழையின் வடிநீர் அளவு. 3,600 கன அடி என்பது ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஓர் அங்குலத் தண்ணீர். பத்து ஏக்கர் வடியும் குளத்துக்கு 36,000 கன அடி, சுமார் 10 லட்சம் லிட்டர். கொள்ளளவில் குறைந்தது பாதி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். படிந்த மண்ணின் மட்டத்தைக் காட்ட அளவுக்கோல் ஒன்றை நட்டு, பாதிக்கோட்டில் சிவப்பு அடித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீரை மேல்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு மிதக்கும் ஸ்கிம்மர். அது சேற்றில் சிக்கி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் அடித்தண்ணீர்தான் வெளியேறுகிறது என்று பொருள். உள்வாயும் வெளிவாயும் அடுத்தடுத்து இருந்தால் குளம் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. தண்ணீர் நேராக ஓடி வெளியேறிவிடும், நடுவில் குறுக்குத் தடுப்புகள் வேண்டும். கலுங்கில் கல் பதித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெறும் மண் கலுங்கு ஒரே பெருமழையில் அறுந்து, குளத்தில் சேர்ந்த அத்தனை வண்டலையும் ஓடைக்குள் கொட்டும்.

முதலில் சொன்ன மூன்று நாள் கணக்கு இங்கே மறுபடி வருகிறது. மணலும் வண்டலும் குளத்தில் தங்கும். களிமண் சைட்டில் குளம் வாரக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். பாலிமர் போட்டுத் துகள்களைத் திரட்டலாம், ஆனால் எதைப் போடப்போகிறோம், எவ்வளவு என்பது முன்கூட்டியே ஸ்விப்பில் இருக்க வேண்டும்; நேர்மின் பாலிமருக்கு ஈ.பி.ஏ.வின் தனி அனுமதியும் வேண்டும், அது மீன்களின் செவுளில் ஒட்டிக் கொல்லும்.

அஸ்திவாரக் குழியில் தேங்கிய தண்ணீரை இறைப்பது தனி ஆபத்து. மழைக்கு மறுநாள் காலை, கான்கிரீட் வண்டி வரப்போகும் அவசரத்தில், பம்ப்பின் உறிஞ்சுகுழாயை அடிச்சேற்றில் போட்டு ஓட்டுவார்கள். குழாய் முனையை மிதவையில் கட்டி மேல்மட்டத்தில் நிறுத்தினாலே பாதிக் கலங்கல் குறையும். வெளிவாயில் மாட்டும் வடிகட்டிப் பையைச் சமதளத்தில், சல்லிப் படுகைமேல், புல்வெளியை நோக்கி வைக்க வேண்டும். வெறும் மண் சரிவில் வைத்தால் பையிலிருந்து தெளிவாக வரும் தண்ணீர் நாலடி தள்ளிப் புதிதாக மண்ணை அரித்துக்கொண்டு போகும். இறைக்கும் நாள் ஒவ்வொன்றிலும் ஆய்வு கட்டாயம். வண்டலால் கெட்ட நீர்நிலைக்கோ உயர்தர நீர்நிலைக்கோ போகிறதென்றால் தினமும் குறைந்தது ஒரு மாதிரி எடுத்து அளக்க வேண்டும். வாரச் சராசரி 50 என்.டி.யூ.வைத் தாண்டினால் திருத்த நடவடிக்கை. மீட்டரை அன்றன்று சரிபார்த்த குறிப்பும், மாதிரிக் குப்பியின் வெளிப்புறத்தைத் துடைப்பதும் முக்கியம். ஒரு கைரேகை போதும், எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

கான்கிரீட் கழுவிய தண்ணீரின் பி.ஹெச். 12-ஐ ஒட்டி நிற்கும். கொஞ்சம் ஓடைக்குள் போனாலும் மீன் சாகும். கசியாத தொட்டி, வடிகாலிலிருந்து முடிந்த மட்டும் தூரம், முக்கால் நிறைந்ததும் காலி செய்வது. டிரைவருக்குத் தெரியும்படி நுழைவாயிலிலேயே பலகை இல்லையென்றால், அவர் நின்ற இடத்தில்தான் கழுவுவார். குப்பைத் தொட்டிக்கு மூடி, டீசலுக்கு இரட்டைத் தொட்டி, நடமாடும் கழிப்பறை சாயாமல் கட்டியிருப்பது என்று மற்றவை படிவத்திலேயே இருக்கின்றன.

எழுதுவது

ஆய்வு முடிந்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை முடிந்திருக்க வேண்டும். சின்னப் பழுது, புதுப்பொருள் தேவையில்லை என்றால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் சரிசெய்ய வேண்டும். புதிதாக அமைக்கவோ பெரிதாகப் பழுதுபார்க்கவோ வேண்டுமென்றால் 7 நாள். 2022 பெர்மிட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒரே இடத்தில் ஒரே பராமரிப்பு மூன்று முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பராமரிப்பு என்று சொல்லித் தப்ப முடியாது, திருத்த நடவடிக்கையாக எடுத்துச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் ஏன் இன்னும் பராமரிப்பாகவே பார்க்கிறோம் என்று எழுத வேண்டும். ஒரே மூலையில் வாராவாரம் வேலியை நிமிர்த்தி நட்டுக்கொண்டிருப்பவரை மேலே இருக்கும் வெறும் சரிவைப் பார்க்க வைக்கும் விதி அது.

‘வேலி பழுது’ என்று எழுதாதீர்கள். ‘தென்கிழக்கு மூலை, 14-ஆம் குச்சிக்கும் 17-ஆம் குச்சிக்கும் நடுவே அடியில் குடைவு, வெளியே 3 அடி அகலத்துக்குச் சேறு படிவு, மேலே வடக்குச் சரிவு மூடப்படவில்லை’ என்று எழுதினால் சரிசெய்யப் போகிறவருக்கு உங்களைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை மிச்சம். அடுத்த வார அறிக்கையில் அந்தக் குறை எப்போது சரிசெய்யப்பட்டது என்ற தேதி இருக்க வேண்டும். ஈ.பி.ஏ. ஆட்கள் அறிக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்து இதைத்தான் தேடுவார்கள். ஆறு வாரம் ஒரே வாசகம் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தால் அது ஆய்வு நடக்கவில்லை என்பதற்கே சாட்சியாகும். கையெழுத்துக்கு மேலே இருக்கும் உறுதிமொழியை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். தெரிந்தே பொய்த் தகவல் எழுதினால் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் 10,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. அது கம்பெனிக்கு மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்டவருக்கும்தான்.

கம்பெனிக்கான சிவில் அபராதம் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு இப்போது அறுபதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. 2004-இல் வால்மார்ட் தன் கடைகள் கட்டிய சைட்டுகளின் மழைநீர் மீறல்களுக்காக 31 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டது. 2008-இல் சென்டெக்ஸ், கே.பி. ஹோம், பல்டி, எம்.டி.சி. என்ற நான்கு வீடுகட்டும் நிறுவனங்கள் சேர்ந்து 43 லட்சம் டாலர். அரசு போகாவிட்டாலும், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொதுமக்களே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. ஓடைக்குக் கீழே வசிப்பவர்கள் கையில் கேமராவோடுதான் இருக்கிறார்கள்.

பெர்மிட்டை முடித்து வெளியே வர, திறந்த மண் முழுவதும் நிலைப்பட்டிருக்க வேண்டும். புல் என்றால், அந்த வட்டாரத்தின் இயற்கையான மூடலில் 70 விழுக்காடு. இயற்கையிலேயே பாதித் தரைதான் மூடியிருக்கும் வறண்ட நிலமென்றால், 50-இல் 70 விழுக்காடாக 35 போதும். முளைத்த புல்லைக் காரில் இருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். நேர் மேலே நின்று காலடியைப் பாருங்கள், மண் எவ்வளவு தெரிகிறது என்று. நிலைப்பட்டதற்கு முன்னும் பின்னுமாகப் படங்கள் வைத்து, நிபந்தனை நிறைவேறிய 30 நாளுக்குள் முடிப்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். பதிவுகளை அதற்குப் பின்னும் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

அறிவிப்பு கொடுப்பதற்கு முன் தற்காலிகத் தடுப்புகள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். வேலியைப் பிடுங்குவதற்கு முன்னால் அதன் மேட்டுப்பக்கம் சேர்ந்த மண்ணை அள்ளுங்கள். பிடுங்கிய பின் அள்ளப் போனால் பாதி கீழே உருண்டிருக்கும். புதைந்த துணியைத் தரை மட்டத்தில் வெட்டிவிட்டுப் போகாமல் முழுதாக இழுத்து எடுத்து, பள்ளத்தை மூடி, அந்த ஒன்றரை அடிப் பட்டைக்கும் விதை போட்டு வைக்கோல் பரப்பச் சொல்லுங்கள்.